முப்பத்திமூன்று நிமிடப் பொய்

அன்று சாயங்காலமும் அவள்தான் கையெழுத்துப் போட்டுக் கடைசி விமானத்தை நிறுத்தினாள். அந்த மாதத்தில் இது எத்தனையாவது என்று எண்ணுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். எண்ணுவதற்கென்றே அலுவலகத்தில் ஆட்கள் இருந்தார்கள். எண்ணியவர்கள் பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள்: ரத்து ராணி.

அவள் வேலைக்குப் பெயர் டிஸ்பாட்சர். விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் வேண்டும், வழியில் மேகம் எப்படி, போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்றெல்லாம் கணக்குப் போட்டுக் கையெழுத்திடுகிறவள். அந்தக் கையெழுத்து இல்லாமல் சக்கரம் ஓர் அடி உருளாது. இதை அவள் உறவுக்காரர்களுக்கு விளக்கி விளக்கித் தொண்டை வறண்டு போயிருந்தாள். "ஏரோப்ளேன்ல காபி குடுக்குற வேலையா?" என்று கேட்ட பெரியம்மாவிடம் கடைசியில் "ஆமா, சர்க்கரை கம்மியா" என்று சொல்லிவிட்டாள்.

நிறுவனமும் பெரியதல்ல. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு காற்றாடி வைத்த ஒரே ஒரு விமானம். அது தினமும் மூன்று முறை போய்த் திரும்பும் இரண்டே இரண்டு சிறிய விமான நிலையங்கள். கடலோரத்தில் இருப்பதைக் 'கீழே' என்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம் மேட்டு நிலத்தில் இருப்பதை 'மேலே' என்பார்கள். பஸ்ஸில் போனால் ஒரு பகலை முழுசாக விழுங்கிவிடும் பாதை அது. கீழே ஓடுபாதையில் விளக்கு உண்டு. மேலே கிடையாது. சூரியன் இருக்கும்போதே இறங்கி, ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, மறுபடி கிளம்பிவிட வேண்டும். சூரியன் போனால் கடை சாத்தியாயிற்று என்று அர்த்தம்.

ஆனால் கடைசி விமானம் நேரத்துக்குக் கிளம்பினால்தானே? காலையில் முதல் பயணத்திலேயே சற்றுத் தாமதம். அந்தத் தாமதத்தின் தலையில் அடுத்த தாமதம், அதன் தலையில் இன்னொன்று. சாயங்காலம் ஆவதற்குள் அது ஒரு கோபுரமாக வளர்ந்து நிற்கும். அந்தக் கோபுரத்தின் உச்சியில் அவளை ஏற்றி நிற்க வைத்துக் கல்லெறிவார்கள். 'தாமதக் காரணம்' என்று கணினியில் ஒரு கட்டம் உண்டு. அதில் தினமும் யாரோ 'டிஸ்பாட்ச்' என்று நிரப்பினார்கள். டிஸ்பாட்ச் பிரிவில் இருந்தது அவள் ஒருத்தி.

பயணிகள் கவுண்டரில் கத்தி முடித்துக் கலைந்த பிறகு செயல்பாட்டு மேலாளர் அவளைக் கூப்பிட்டார். எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பார் என்பதால் அவருக்குப் பெயரே 'பார்ப்போம்' என்று ஆகியிருந்தது. பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தவர் வணிகப் பிரிவுத் தலைவர். ஊர் முழுக்க விளம்பரத் தட்டிகள் வைத்தவர், எல்லாவற்றிலும் 'மலையைத் தாண்ட முப்பத்திமூன்றே நிமிடம்!' என்று எழுதியவர். அவர் பெயர் 'பேனர்'.

"திங்கட்கிழமை மேடம் வர்றாங்க," என்றார் பார்ப்போம். மேடம் என்றால் நிர்வாக இயக்குநர், நிறுவனத்தின் சொந்தக்காரி. "அதுக்கு முன்னாடி நீ ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடும்மா. தாமதம் உன் பக்கத்துத் தவறுன்னு. பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. லக்கேஜ் கவுண்டருக்கு மாத்துவாங்க. அவ்ளோதான்."

"போடலைன்னா?"

"உன் தகுதிகாண் காலம் இந்த மாசத்தோட முடியுது. அதையும் பார்ப்போம்."

"நான் போடுற கணக்குல ஒரு தப்பு காட்டுங்க சார். இப்பவே போடுறேன்."

பேனர் சிரித்தார். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். இங்க பாரும்மா, உங்க வீட்டுல முதல் பட்டதாரி நீ. கிடைச்ச வேலையை நன்றியோட காப்பாத்திக்கணும். எங்க அப்பா, தாத்தா எல்லாரும் ஆபீஸ் பார்த்தவங்க. எப்ப பேசணும், எப்ப வாயை மூடணும்னு எங்களுக்கு ரத்தத்துலயே இருக்கு."

அவளுக்குக் காது சுட்டது. நன்றி! பரீட்சைக்கு அவள் தெருவிளக்கில் படித்தது போலவும், இவர் வந்து மின்சாரம் கொடுத்தது போலவும். அவள் கதவை மூடிவிட்டு வந்தாள். மூடினாள் என்று சொல்வது மரியாதைக்காக. அடித்துச் சாத்தினாள்.

வீட்டில் அம்மா காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று போர்வை இஸ்திரி போடுகிறவள். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். மகள் நடந்ததைக் கொட்டினாள். அம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, "போட்டுத் தொலையேன்டி," என்றாள்.

"என்னம்மா சொல்ற? செய்யாத தப்புக்கா?"

"செஞ்ச தப்புக்கு எவன் கையெழுத்துப் போடுறான்? எங்க சூப்பர்வைசர் துணியைக் கருக்கிட்டு என்னைத்தான் கைகாட்டுவான். நான் ரோஷம் பார்த்திருந்தா நீ காலேஜ் வாசலைப் பார்த்திருப்பியா?"

"நீ பொறுத்துக்கிட்டது போதும். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் பொறுத்துக்கிட்டா போதும்."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல." அம்மா கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "வேலை போச்சுன்னா மேல சித்தி கடைக்குப் போயிடு. கணக்கு எழுத ஆள் தேடுறா. அவ ஊரு எவ்ளோ தூரம்? உங்க ஏரோப்ளேன்ல எவ்ளோ நேரம்?"

வாயைத் திறந்து பதில் சொல்லும் மனநிலையில் அவள் இல்லை. செல்போனில் இரண்டு விமான நிலையங்களின் பெயர்களையும் தட்டி, வந்ததை அப்படியே அம்மா பக்கம் திருப்பினாள். எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும் தூரமும் பறக்கும் நேரமும் சொல்லும் ஒரு இணையதளம். இரண்டு புள்ளிகள், நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு.

அம்மா கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "இருநூத்தி நாப்பது கிலோமீட்டர். முப்பத்திமூணு நிமிஷம். அட, அந்தத் தட்டியில போட்டிருக்கிற மாதிரியே இருக்கு."

அவள் போனைப் பிடுங்கினாள்.

முப்பதில்லை, முப்பத்தைந்தில்லை. அதே முப்பத்திமூன்று. கீழே பொடி எழுத்தில் விளக்கம் வேறு இருந்தது: நேர்கோட்டுத் தூரம், பெரிய ஜெட் விமானத்தின் சராசரி வேகம், ஏற இறங்கக் கால்மணி நேரம், இது தோராயமான மதிப்பீடு மட்டுமே.

அவள் சிரித்தாள். முதலில் மூக்கு வழியாக, பிறகு வயிற்றிலிருந்து. அம்மா பயந்தே போனாள்.

"அம்மா, எங்க விமானம் ஜெட்டே இல்ல. காற்றாடி. அது பாதி வேகம்தான் போகும். அப்புறம் நேர்கோட்டுல போக அது என்ன காக்காவா? நடுவுல மலை நிக்குது. சுத்திக் கணவாய் வழியா போனா முந்நூறு கிலோமீட்டருக்கு மேல. மேல இருக்கிற ஓடுபாதை சரிவு. ஒரு பக்கமாத்தான் இறங்கணும், எதிர்ப் பக்கமாத்தான் ஏறணும். ஏறி ஒரு வட்டம் போட்டுத்தான் திரும்பணும். நான் தினமும் கணக்குல அம்பத்தஞ்சு நிமிஷம்னு எழுதறேன். அந்தாளு இதுல பார்த்து முப்பத்திமூணுன்னு அட்டவணை போட்டிருக்கான்! ஒவ்வொரு தடவையும் இருபத்திரெண்டு நிமிஷம் லேட்டாகத்தான் செய்யும். கடவுளே ஓட்டினாலும் லேட்டுதான்!"

"நீ எழுதறதை அவங்க பார்க்கலையா?"

"என் கணக்கு விமானிக்குப் போகும். அட்டவணை பேனர்கிட்ட இருக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கிறது யார் வேலைன்னு யாருக்கும் தெரியாது."

"விமானி ஏன் சொல்லல?"

"அதைத்தான் நாளைக்குக் கேட்கப் போறேன்."

கேட்டாள். மூத்த விமானி விமானத்தின் மூக்கருகே நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். "நாங்க ஓட்டுறோம்மா. அட்டவணை எங்க வேலை இல்ல," என்றார்.

"சார், ரெண்டு வருஷமா எழுதினதைவிட இருபது நிமிஷம் அதிகமாப் பறக்குறீங்க. உங்களுக்கு உறுத்தவே இல்லையா?"

"உறுத்துச்சு. பார்ப்போம்கிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"பேரைக் கேட்டுட்டு பதிலையும் கேட்கிறியே."

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "திங்கட்கிழமை மேடம் கேட்டா சொல்லுவீங்களா? எனக்காகப் பேச வேண்டாம். எவ்ளோ நேரம் பறக்குறீங்கன்னு மட்டும் சொன்னா போதும்."

விமானி விதைத் தோலைத் துப்பினார். "கேட்டா பொய் சொல்ல மாட்டேன்," என்றார். அந்த மனிதரிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

திங்கட்கிழமை மேடம் வந்தார். சிரிக்காத முகம், சத்தம் போடாத செருப்பு. நீள மேசையின் ஒரு கோடியில் அவர், மறு கோடியில் இவள், இடையில் பார்ப்போம், பேனர், மூத்த விமானி. முன்னால் கையெழுத்துக்காக அந்தப் பேப்பர். பேனர் சுருக்கமாகப் பேசி முடித்தார். பாதையில் நஷ்டமில்லை, கூட்டம் இருக்கிறது, டிஸ்பாட்ச் சரியில்லை.

"நீ என்னம்மா சொல்ற?" என்றார் மேடம்.

அவள் பேப்பரைத் தொடவில்லை. தன் போனை மேசையில் தள்ளிவிட்டாள். அது வழுக்கிக்கொண்டு போய் மேடத்தின் கை அருகே நின்றது. "மேடை கோணல்தான் மேடம். அளந்து பார்த்துட்டேன்."

மேடம் படித்தார். பொடி எழுத்தையும் படித்தார். பிறகு விமானியைப் பார்த்து, "நிஜமா எவ்ளோ ஆகும்?" என்றார்.

"அம்பத்தஞ்சு. காத்து எதிர்ல அடிச்சா கூட ரெண்டு மூணு."

பேனர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "உலகமே அந்தத் தளத்தைத்தான் பார்க்குது மேடம். அம்பத்தஞ்சுன்னு போட்டா எவன் டிக்கெட் வாங்குவான்? இன்னொண்ணு, இவ சொல்ற மாதிரி நேரத்தை நீட்டினா ஒரு நாளைக்கு மூணு தடவை போய்வரவே முடியாது. பகல் போதாது."

"போதும்," என்றாள் அவள். "முதல் விமானம் இப்ப ஆபீஸ் திறக்குற நேரத்துக்குக் கிளம்புது. அதை விடிய முக்கால் மணி நேரம் இருக்கும்போதே கிளப்பணும்."

பேனரின் முகம் மலர்ந்தது. எலி பொறிக்குள் வந்துவிட்ட சந்தோஷம். "பார்த்தீங்களா மேடம்? மேல விளக்கே கிடையாது. இருட்டுல போய் எப்படி இறங்கும்? அடிப்படையே தெரியல!"

"உங்க முப்பத்திமூணு நிமிஷத்துல பறந்தா இருட்டுதான் சார். நிஜமா பறந்தா விடிஞ்சிருக்கும்."

விமானி சத்தமாகச் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. பார்ப்போம் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, தன்னை அறியாமல், "ஆமா, சரியாத்தான் வருது," என்றார்.

மேடம் எழுந்தார். "ஒரு வாரம் உன் அட்டவணைப்படி ஓடட்டும். ஒரு விமானம் ரத்தானாலும் இந்தப் பேப்பர்ல நீ கையெழுத்துப் போடற. ஆகலைன்னா இதைக் கிழிச்சிடறேன்."

"சரி மேடம்."

சரி என்று சொல்லிவிட்டாளே தவிர, இருட்டோடு எழுந்து வரச் சொன்னதற்காக அலுவலகமே அவளைக் கரித்துக் கொட்டியது. கவுண்டர்ப் பெண் தூக்கக் கலக்கத்தில் ஒரு பயணியிடம் அவருடைய அனுமதிச் சீட்டுக்குப் பதிலாகத் தன் பஸ் சீட்டைக் கொடுத்தாள். எரிபொருள் போடுகிறவர், "ராணி உத்தரவு போட்டாச்சு, கோழிக்கு முன்னாடி நாம கூவணும்," என்றார். அவள் எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் போனாள். திட்டியவர்களைத் திருப்பித் திட்டினாள். ஆனால் விமானம் கிளம்பியது. முதல் நாள் மலையைச் சுற்றி அது மேலே போய்ச் சேர்ந்தபோது ஓடுபாதையில் புதுவெயில் விழுந்திருந்தது. சாயங்காலம் கடைசி விமானம் கிளம்பியது. மறுநாளும் கிளம்பியது. அதற்கு மறுநாள் கவுண்டரில் கத்துவதற்கு ஆளே இல்லாமல் கவுண்டர்ப் பெண் கொட்டாவி விட்டாள். "போர் அடிக்குதுக்கா," என்று போனில் சொன்னாள். இவளுக்கு அது பாராட்டுப் பத்திரம் போல இருந்தது.

கடைசி நாள் காற்று திரும்பியது.

மத்தியானத்திலிருந்தே அது மலைப் பக்கமிருந்து எதிரில் அடித்தது. அவள் கணக்கை மறுபடி போட்டாள், ஐம்பத்தெட்டு. மேலே இறங்கி மறுபடி கிளம்ப வெளிச்சம் இருக்கும். ஆனால் ஓட்டை வாளியில் தண்ணீர் கொண்டு போகிற கதைதான், நடுவில் நின்று ஊர்க்கதை பேச முடியாது.

அன்றைக்குப் பார்த்து மேடமே கடைசி விமானத்தில் மேலே போய்த் திரும்புவதாகச் சொல்லிவிட்டார். மேடம் போனால் பேனர் போகாமல் இருப்பாரா? இரண்டு புகைப்படக்காரர்களையும் சேர்த்துக்கொண்டார். ஒரு வாரமாக இந்த அட்டவணை தோற்க வேண்டும் என்று கிடந்தவர், அது தோற்காது என்று தெரிந்ததும் அதன் அப்பாவாக ஆகிவிட்டார்.

கிளம்பும் நேரம் நெருங்கியபோது கவுண்டர்ப் பெண் கூப்பிட்டாள். "அக்கா, எல்லாரும் ஏறியாச்சு. மேடம் உள்ள உக்காந்தாச்சு. பேனர் சாரும் அந்த ரெண்டு போட்டோக்காரங்களும்தான் வரல. வெளி ஹால்ல தட்டி முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டிருக்கார்."

"கூப்பிட்டியா?"

"மூணு தடவை மைக்குல கூப்பிட்டேன். நானே ஓடிப் போயும் சொன்னேன். 'நான் இல்லாம கிளம்பிடுமா'ன்னு கேட்கிறார்."

"அவங்க பை ஏதாவது விமானத்துல ஏத்தியிருக்கா? இருந்தா அதை இறக்காம கிளம்ப முடியாது."

"இல்லக்கா. கையில கேமராதான்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஜன்னலில் காற்று காட்டும் துணிக்குழாய் மலைக்கு முதுகைக் காட்டி விறைத்து நின்றது. காத்திருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சம் காத்திருந்தால் போதும். அப்புறம் அவளே ரத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பின்னாலேயே அந்தப் பேப்பர் வரும். 'காரணம்: டிஸ்பாட்ச்'.

"கதவைச் சாத்தச் சொல்லு."

"அக்கா! மேடம் உள்ள இருக்காங்க. ஒரு வார்த்தை கேட்டுடலாமே?"

"மேடம் இப்ப பயணி. சாத்து."

கதவு சாத்தப்பட்ட அடுத்த நொடி பார்ப்போம் மூச்சிரைக்க அறைக்குள் வந்தார். "என்ன காரியம்மா பண்ணிட்ட? அவர் கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு கையை ஆட்டிட்டிருக்கார்! திறக்கச் சொல்லு!"

"திறந்தா நான் ரத்து பண்ணிடுவேன் சார். அதுலதான் எனக்கு நல்ல பழக்கம் ஆச்சே."

வயர்லெஸ்ஸில் விமானியின் குரல் வந்தது. "கையெழுத்து ஆச்சா?"

"ஆச்சு சார். அம்பத்தெட்டு. கிளம்புங்க."

காற்றாடிகள் சுழன்றன. பேனர் இரண்டு புகைப்படக்காரர்களுக்கு நடுவில், கண்ணாடியில் உள்ளங்கையையும் முகத்தையும் ஒட்டியபடி நின்றிருந்தார். அந்த இருவரில் ஒருவன் கடமை தவறாதவன். அதையும் ஒரு படம் எடுத்தான்.

அதன் பிறகு அவள் செய்ய ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை. பார்ப்போம் நகத்தைக் கடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஜன்னலில் கடல் மஞ்சளாகி, பிறகு செம்பாகியது. போன் அடித்தபோது இரண்டு பேரும் சேர்ந்து பாய்ந்தார்கள். அவள்தான் முதலில் எடுத்தாள். மேலே உள்ள கட்டுப்பாட்டு அறைக்காரர், எப்போதும் தூங்கி எழுந்தவர் போலப் பேசுகிறவர்.

"இறங்கியாச்சு."

"வெளிச்சம்?"

"தாராளமா இருக்கு. ஆள் இறங்குறாங்க... ஏறுறாங்க... ஒரு அம்மா நின்னு வெயிலையே பார்த்துட்டிருக்காங்க. உங்க முதலாளியா?"

"ஏறச் சொல்லுங்க!"

"சொன்னேன். முறைச்சாங்க. ஏறிட்டாங்க." கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. அவள் போனைக் காதோடு நசுக்கிப் பிடித்திருந்தாள். "உருளுது... எழும்பிடுச்சு. சூரியன் இன்னும் மலை மேல உக்காந்திருக்கும்மா. இந்த வாரம் பூரா நான் பகல்லயே வீட்டுக்குப் போறேன். என் பொண்டாட்டி சந்தேகப்படப் போறா."

அவள் போனை வைத்தாள். மேசையை இரண்டு கையாலும் ஓங்கி அறைந்தாள். கோப்பைகள் துள்ளின. பார்ப்போமும் துள்ளினார். அவள் எழுந்து நின்று, "வந்துட்டேன்டா!" என்று கத்தினாள். யாரைப் பார்த்து என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆபீஸ் பார்த்த அப்பாக்களையும் தாத்தாக்களையும் பார்த்து என்று வைத்துக்கொள்ளலாம்.

விமானம் திரும்பி வந்து நின்றபோது மேடம் நேராக அந்த அறைக்கே வந்தார். காற்றில் கலைந்த தலையைச் சரிசெய்யக்கூட இல்லை. "கதவைச் சாத்தச் சொன்னது யாரு?"

"நான்."

"நான் உள்ளதானே இருந்தேன்? கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா காத்திருக்கச் சொல்லியிருப்பீங்க. காத்திருந்தா ரத்து. ரத்தானா என் பேர்ல எழுதியிருப்பாங்க."

மேடம் கைப்பையைத் திறந்து மடித்த பேப்பரை எடுத்து நான்காகக் கிழித்தார். "நாளையிலேருந்து நீ நிரந்தரம். அட்டவணையும் உன்கிட்டயே இருக்கட்டும். சந்தோஷமா?"

"இல்ல மேடம்."

பார்ப்போம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுவரைக்கும் தாமதக் காரணம்னு என்மேல எழுதினது எல்லாம் அப்படியே கணினியில இருக்கு. அத்தனையையும் மாத்தணும். 'காரணம்: தவறான கால அட்டவணை'. எழுதினவங்க கையாலயே மாத்தணும்."

"மாத்துங்க," என்றார் மேடம், பார்ப்போமைப் பார்த்து. தினமும் அந்தக் கட்டத்தை நிரப்பியவர் அவர்தான்.

"பார்ப்..." என்று ஆரம்பித்தார் அவர்.

"பார்க்க வேண்டாம். மாத்துங்க."

அவர் அந்த இடத்திலேயே கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தார். அவள் பின்னால் கைகட்டி நின்று, ஒன்றுகூட விடாமல் பார்த்தாள். பாதியில் கதவு தட்டப்பட்டது. பேனர். போட்டோவுக்காக முகத்தில் பூசியிருந்த ஒப்பனையில் பாதி ஜன்னல் கண்ணாடியோடு போயிருந்தது. கோபத்தை யார்மேல் காட்டுவது என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். மேடத்தைக் கண்டதும் விழுங்கிக்கொண்டார்.

"மேல எல்லாம் ஏற்பாடு பண்ணி வச்சிருந்தேன்," என்றார் தணிந்த குரலில். "எனக்கு அடுத்த விமானம் எப்ப?"

"காலையில சார். விடிய முக்கால் மணி நேரம் இருக்கும்போது," என்றாள் அவள். "நேரத்துக்கு வந்துடுங்க."